பேசாத கட்டை

இரண்டாவது கடையிலும் அந்தக் கட்டை பேசவில்லை. எமிமாள் டீச்சர் கையை எடுத்துவிட்டு, கீபோர்டின் இடது பக்கத்து வெள்ளைக் கட்டைகளை, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் மாதிரிக் குனிந்து பார்த்தாள். எல்லாம் சுத்தமாக, புதுசாக, ஒன்றுபோல இருந்தன. முதல் கடையில் இப்படி ஆனபோது இரைச்சல்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருந்தாள். இரைச்சலுக்கு என்ன குறைச்சல். சென்னையில், விமானத்தையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாம் போன்ற மண்டபத்தில் வாத்தியக் கண்காட்சி, இருநூறு கடை, ஒவ்வொரு கடையிலும் யாராவது ஒருவர் எதையாவது வாசித்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பது என்று சொல்லக்கூடாது, சோதிப்பது. கிடாரைச் சோதித்தார்கள், வயலினைச் சோதித்தார்கள், தவிலில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தலையாட்டினார்கள், ஒருவர் நாதஸ்வரத்தின் சீவாளியை மட்டும் வாயில் வைத்துக் கத்தவைத்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டும் முடியவில்லை. எல்லாம் ஆரம்பம், ஆரம்பத்தோடு நின்று போவது, மறுபடி ஆரம்பம். எதிர்க்கடையில் கறுப்புச் சட்டைக்காரன் ஒருவன் டிரம்மில் ஒரே உருட்டலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் முதலிலிருந்து தொடங்கினான். அது தரை வழியாக வந்து, முழங்கால் ஏறி, வயிற்றில் உட்கார்ந்தது. இந்தச் சந்தையில் ஒரு கீழ் சுரம் காதில் விழவில்லை என்றால் அதிசயமா? அதிசயம் இல்லைதான். ஆனால் வலது கை வாசித்ததெல்லாம் விழுந்ததே. இடது கையிலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசித்தது விழுந்ததே. அந்த ஒன்றுக்கு மட்டும் என்ன வந்தது. "எப்படி டீச்சர், இது நமக்குச் சரியா வருமா?" என்று பின்னால் நின்று ஆசீர் கேட்டான். ஆசீர் அவர்கள் ஊர்ச் சபையின் செயலாளர். ஒன்பதாம் வகுப்பில் அவளிடம் பாட்டுப் படித்தவன், இப்போது தலை பாதி வழுக்கை. "பாஸ் சரியில்ல," என்றாள் அவள். "இன்னும் பாப்போம்."

வந்த காரியமே அந்தப் பாஸ்தான், இடது கை போடுகிற கீழ்ச் சுரங்கள். சாலமோன்புரம் கோவிலில் இருபத்தேழு வருஷமாக ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கிறவள் அவள். கல்யாணம், அடக்கம், அறுப்பின் பண்டிகை எதுவானாலும் எமிமாள் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையையும் வைத்தால்தான் ஊர் வாயைத் திறக்கும். கணவன் செத்த மூன்றாம் ஞாயிறுகூட அவள்தான் வாசித்தாள். வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல்தான் வாசித்தாள், ஊரார் அதை விசுவாசம் என்றார்கள். இந்த வருஷம் குருத்தோலை ஞாயிறன்று, சபையெல்லாம் ஓலையைப் பிடித்துக்கொண்டு நிற்க, முதல் பாட்டின் இரண்டாம் அடியில் கீழ் ஜி என்கிற சுரம் வராமல் போனது. மாடியிலிருந்து இறங்கும்போது ஒரு படி இல்லாததுபோல அவளுக்குத் தூக்கிப்போட்டது. அடுத்த வாரம் அதற்கு அண்டையிலிருந்த எஃப்பும் போயிற்று. கமிட்டியில் சொன்னாள், மேலப்பாளையத்திலிருந்து வாத்தியம் பழுதுபார்க்கிற மைதீன் பாய் வந்தார், பின்பலகையைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார், ஒவ்வொரு கட்டையாக அமுக்கினார். "எல்லாம் கும்முன்னு இருக்கே டீச்சர்." அவள் சொன்னாள்: "தனியா அமுக்கினா வரும் பாய். பாட்டோட வாசிச்சாத்தான் வராது." மைதீன் பாய் நல்ல மனுஷர், கேலி பண்ணத் தெரியாதவர். "பாட்டு ஓடுதா ஓடலயான்னு கட்டைக்கு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, மடியில் கிடந்த அவளுடைய இடது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே பின்பலகையை மாட்ட ஆரம்பித்தார், ஸ்குரூவை ஒரு தடவை மாற்றி முடுக்கினார். எதற்குப் பார்த்தார்? அவர் பாட்டுக்குப் பார்த்தார். மனுஷன் எங்கேயாவது பார்க்கத்தானே வேண்டும். அவருக்கு வேலை தெரியவில்லை என்று கமிட்டியில் அடித்துச் சொல்லிவிட்டாள். பழசு ஆகிவிட்டது, புதுசு எடுத்துவிடுவோம், டீச்சர் கையாலேயே வாசித்துப் பார்த்து எடுக்கட்டும் என்று தீர்மானமாயிற்று. டீச்சர் கையாலேயே. அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியவனே இந்த ஆசீர்தான், ஞாயிறு அறிவிப்பில் சபைக்கெல்லாம் வாசித்ததும் அவன்தான்.

கழுத்தில் தொங்கிய அட்டையில் அவள் பெயர் எழுதியிருந்தது, கீழே சதுரமாக ஒரு கறுப்புப் பூச்சிக்கூட்டம். கடைக்குக் கடை அதை நோக்கிப் போனை நீட்டினார்கள். "வாசிச்சுப் பாருங்க மேடம், சும்மா வாசிச்சுப் பாருங்க." எல்லோருக்கும் அவள் வாசிக்க வேண்டும். ஏசி எலும்பில் இறங்கியது. கைப்பையை இடது கையில் பிடித்திருந்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பிடிக்கிறாள். பையைப் பிடிக்காவிட்டால் அந்தக் கை நடக்கும்போது வீசாமல், கூட வரப் பிடிக்காத பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டே வருகிறது. தங்கைதான் முதலில் சொன்னாள், கல்யாண வீட்டு வீடியோவில் பார்த்துவிட்டு: அக்கா நீ ஒரு கையை மட்டும் வீசி நடக்கிறாய். பையின் கனம் பழகிப்போய்விட்டது என்றாள் இவள். அப்பாவுக்கும், என்று தங்கை ஆரம்பித்தாள். இவள் பேச்சை மாற்றினாள். எதைச் சொல்லி மாற்றினாள்? சாம்பாரில் உப்பு. ஆமாம், அந்தக் கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்பு அதிகம். அப்பாவுக்கு முதலில் கை வீசாமல் போகவில்லை, எழுத்துத்தான் சின்னதாயிற்று. கணக்கு வாத்தியார் வேதமாணிக்கம், மிஷன் பள்ளியில் முப்பது வருஷம், கரும்பலகையில் அவர் எழுதும் எட்டைத் தெருவிலிருந்தே படிக்கலாம் என்பார்கள். அந்த எட்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கடைசிப் பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று, சார் தெரியலை சார் என்றார்கள். அப்பா சாக்பீஸைக் குறை சொன்னார். பலகைக்குக் கறுப்பு பூசச் சொன்னார். கடைசியில் மூன்று பேரைப் பிடித்து, உங்களுக்குக் கண் கெட்டுவிட்டது, போய்க் கண்ணாடி போடுங்கள் என்று வீட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அந்தச் சீட்டை அவர்களுடைய அப்பாமார்களால் படிக்க முடியவில்லை. ஊர் ரொம்ப நாள் இதைச் சொல்லிச் சிரித்தது, அப்பாவும் கூடச் சிரித்தார். ஒருத்தன் பவர் ஒன்றுமில்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டே பத்தாவது பாஸானான். அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்டுவதை அவள் பார்த்தாள், சாக்பீஸை உருட்டுகிற மாதிரியே. விரலுக்கு நடுவில் சாக்பீஸ் இல்லை. பழக்கம் என்றார் அப்பா. ஜெபத்தில் தலைகுனிந்திருக்கும்போது உருட்டினார், அவள் கல்யாணப் போட்டோவில் உருட்டினார், கடைசி ஒன்றரை வருஷம் கட்டிலில் கிடந்து, அவளைக் கூப்பிடக்கூட வாய் வராதபோதும் விரல் மட்டும் உருட்டிக்கொண்டே இருந்தது. அது அப்பா. அது வேறு. தனக்கு எழுத்து சின்னதாகவில்லை. நேற்று ரயிலில் படிவத்தில் கையெழுத்துப் போட்டாளே, பெரிசாகத்தானே இருந்தது. அது வலது கை. வலது கைதானே எழுதும். அவளுக்குப் பயமாக இருந்தது. பைக்காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், இப்படி வாங்க, ஒலிபெருக்கிக் கடை இது, நமக்கு வேண்டாம்," என்று ஆசீர் முன்னால் போனான். கடையில் ஒரு தடித்த ஆள் மைக்கை உதட்டருகே வைத்து ஹலோ, ஹலோ என்று அடிவயிற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் தேவபிச்சை அண்ணாச்சியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டது, இந்த இடத்துக்கு அவர் எதற்கு. தேவபிச்சை அண்ணாச்சி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாடகர் குழுவில் பாஸ் பாடுகிற நாலு பேரில் மூத்தவர். குரல் என்றால் குரல்; மைக் வேண்டாம். ஆனால் முப்பது வருஷம் ஒழுங்காக அடக்கித்தான் பாடினார். கிறிஸ்துமஸ் கழிந்து தை மாசத்திலிருந்துதான் அவருக்கு என்னவோ பிடித்துக்கொண்டது. பாட்டு நேராகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று ஒரு சுரத்தில் மட்டும் கத்துவார். அடுத்த சுரத்தில் அடங்கிவிடுவார். அப்புறம் இன்னோர் இடத்தில் கத்தல். இன்ன இடம் என்று கணக்கே கிடையாது. போன வாரம் கத்திய இடத்தில் இந்த வாரம் கத்தமாட்டார். போதாக்குறைக்குப் பின்வரிசையை விட்டுவிட்டு ஆர்கனுக்குப் பக்கத்தில், அவளுடைய இடது தோளுக்கு நேரே வந்து நின்றுகொண்டார். கிராம்பு வாசம் அடிக்கும். புத்தகத்தைப் பார்க்காமல் கட்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். உங்க இடத்துக்குப் போங்க அண்ணாச்சி என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "இங்கன நின்னாத்தாம்மா எனக்குச் சுருதி பிடிபடுது," என்பார். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அவர் மூன்றாவது தரம் கத்தியபோது அவள் இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். "அண்ணாச்சி, இது பஸ் இல்ல, ஸ்டாப்பிங் வந்ததும் சத்தம் குடுக்கதுக்கு." குழுவே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே எழுந்து போனாள். அண்ணாச்சியும் சிரித்தார். ஒரு கணம் அவளை, அவள் முகத்தை அல்ல, பார்த்துக்கொண்டு நின்றார், என்னவோ சொல்ல வந்தவர்போல. "சரிம்மா," என்று பாட்டுப் புத்தகத்தை மூடி ஜன்னலில் வைத்தார். அந்த ஞாயிறிலிருந்து வாசலோரத்துக் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருகிறார். குழுவுக்கு வருவதில்லை, பெஞ்சிலும் வாயைத் திறப்பதில்லை. வீம்பு. இந்த வயதில் என்ன வீம்பு.

மூன்றாவது கடையில் கறுப்புப் பனியன் போட்ட ஒரு பெண் நின்றாள், மதுரைக்காரி, பேச்சு அப்படிக் காட்டியது. "ஹெட்போன் போட்டுக்கங்கம்மா, வெளிச் சத்தமே கேக்காது." போட்டுக்கொண்டாள். மண்டபம் அணைந்துபோனது. டிரம்காரன் கை தூக்குவது தெரிந்தது, சத்தம் இல்லை. ஆசீர் யாரிடமோ வாயசைத்தான், சத்தம் இல்லை. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. பையைக் காலடியில் வைத்தாள். கீழ் ஜி-யைத் தனியாக அமுக்கினாள். கும்மென்று வந்தது, கண்ணில் நீர் முட்டுகிற அளவுக்கு நன்றாக வந்தது. பார்த்தாயா, எல்லாம் இரைச்சல்தான். மறுபடி அமுக்கினாள், வந்தது. அப்புறம் கைக்குத் தானாக வருகிற பழைய ஞானப்பாட்டு ஒன்றை, அடக்க ஆராதனைகளில் வாசிப்பதை, எதற்கு அது வந்தது என்று தெரியவில்லை, எடுத்தாள். இரண்டு அடி முழுசாக வாசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தாள். எல்லாச் சுரமும் இருந்தது. எல்லாம் இருந்த மாதிரித்தான் இருந்தது. இருபத்தேழு வருஷமாகக் கேட்ட பாட்டில் எது காதால் கேட்பது, எது கேட்டுக் கேட்டு உள்ளேயே கிடப்பது என்று யார் கண்டார்கள். விரல் அந்த இடத்துக்குப் போனது அவளுக்குத் தெரியும். போய் அமுக்கியது தெரியும். கண்ணைத் திறந்தபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஹெட்போனைத் தொட்டுக் காட்டி ஏதோ பொத்தானை அமுக்கினாள். யாரும் சொல்லாமலே பதிவு பண்ணியிருக்கிறாள். எமிமாள் வாசித்தது எமிமாளுக்கே திரும்பி வந்தது, இப்போது மடியில் கை, கட்டைமேல் யாரும் இல்லை.

வலது கை நன்றாக இருந்தது. யாரோ நல்ல வாசிப்புக்காரி. முதல் அடியின் நடுவில் கீழே ஒரு குழி விழுந்தது. அவள் காத்திருந்தாள். நாலு சுரம் கழித்து இன்னொரு குழி. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை, நிம்மதி வருகிற நேரத்தில் மூன்றாவது. சின்னத் திரையில் பச்சைப் பச்சையாகக் கோடுகள் ஓடின, அடிவரிசையில் பல் விழுந்த இடம்போல வெறுமை. ஜி மட்டும் இல்லை, எஃப் மட்டும் இல்லை. சுண்டுவிரல் போன இடமெல்லாம். சில இடத்தில் இருந்தது, சில இடத்தில் இல்லை, கணக்கே கிடையாது. கணக்கே கிடையாது என்று யாரையோ சொன்னோமே. அந்த நினைப்பு வந்ததும் உட்கார்ந்திருந்த ஸ்டூல் கீழே போவதுபோல இருந்தது. இரண்டாம் அடி ஓடியது. குழி வந்தது, அந்தக் குழிக்குள் கிராம்பு வாசத்தோடு அண்ணாச்சி குரல் கொடுத்தார். அடுத்த குழி, அடுத்த குரல். இடது தோளுக்கு நேரே நின்று, புத்தகத்தைப் பார்க்காமல், அவளுடைய சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டு, அது இறங்காத இடத்தில் மட்டும் அவர் இறங்கினார். மூன்று மாசம். கட்டை செத்தது குருத்தோலை ஞாயிறன்று இல்லை. குருத்தோலை ஞாயிறன்று அவர் கடைசிப் பெஞ்சுக்குப் போனார். அவ்வளவுதான் நடந்தது. பயிற்சியில் எழுந்து போய்ச் சிரித்தவளின் முகம் ஞாபகம் வந்தது, ஜன்னலில் வைத்த புத்தகம் ஞாபகம் வந்தது, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது, மழைச்சாரலில் அட்டை உப்பிப்போய். ஊரில் ஒரு ஆணுக்குச் செய்யக்கூடாத அவமானத்தைச் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். அப்பா எழுதி அனுப்பிய சீட்டுகளை நினைத்தாள்.

அந்தப் பெண் ஒரு பக்க ஹெட்போனைத் தூக்கினாள், டிரம் உள்ளே பாய்ந்தது. "சூப்பரா வாசிக்கிறீங்கம்மா. அங்கங்க லெஃப்ட் கைய எடுத்துர்றீங்கல்ல, அது ஒரு தனி ஸ்டைலா இருக்கு." அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே பிடித்திருந்தது. "ஃபுல்லா வேணும்னா இந்தாங்க, இத அமுக்குங்க, பாஸ் அதுவாவே போட்டுக்கும். நீங்க வலது கை மட்டும் வாசிச்சாப் போதும்." அமுக்கினாள். எமிமாள் வலது கையால் மட்டும் வாசித்தாள். ஒரு குழி இல்லை. அடிச்சுரமெல்லாம் கல் பாவியது மாதிரி வரிசையாக வந்தன. ஒருவருக்கும் தெரியாது. ஆசீருக்குத் தெரியாது, சபைக்குத் தெரியாது, தங்கை வந்து கேட்டாலும் தெரியாது. இதையே எடுத்துவிடலாம். பாஸ் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆசீர் தலையை ஆட்டிவிடுவான், இன்னும் அஞ்சு வருஷம், பத்து வருஷம், இடது கையை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்காரலாம். அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. சும்மா சோதிக்க, வலது கையால் பாட்டின் நடுவில் வேண்டுமென்றே ஒரு இடத்தில் தயங்கினாள், அடக்க வீட்டில் ஜனம் அழுகையை விழுங்கிக்கொள்ள விடுவாளே, அந்தத் தயக்கம். பாஸ் நிற்கவில்லை. அது தன்பாட்டுக்கு அடுத்த சுரத்தைப் போட்டுக்கொண்டு போனது. அதற்கு யார் கையையும் பார்க்க வேண்டியதில்லை. எமிமாள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

"இது நல்லாருக்கு போலயே டீச்சர்," என்றான் ஆசீர், அவள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து. "இதையே முடிச்சிருவோமா? சாயங்காலம் வண்டிக்கு நேரம் சரியா இருக்கும்." "வேண்டாம் ஆசீர்." "ஏன், இதுலயும் பாஸ் சரியில்லையா?" "பாஸ் சரியாத்தான் இருக்கு. நம்ம ஆர்கன்லயும் சரியாத்தான் இருக்கு. அதுல ஒரு பழுதும் கிடையாது, மைதீன் பாய் சொன்னதுதான் நெசம்." ஆசீர் சிரித்தான். டீச்சர் எப்போதாவது இப்படிக் கேலி பண்ணுவாள் என்று நினைத்துக்கொண்டான். "அப்பம் பழுது எதுல டீச்சர்?" அவள் காலடியில் இருந்த பையை எடுக்கவில்லை. இடது கையைத் தூக்கி, கடைக்காரியின் கண்ணாடி மேஜைமேல், அவனுக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அவளும் பார்த்தாள், இதுவரை பார்க்காமல் இருந்ததை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டு, மெதுவாக, அவசரமில்லாமல் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குள் அதன் நிழலும் உருட்டியது. ஆசீரின் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அப்புறம் போயிற்று. வேதமாணிக்கம் சாரைப் பார்த்திருக்கிற தலைமுறைதான் அவனும். "டீச்சர்," என்றான். "தேவபிச்சை அண்ணாச்சிக்கு ஒரு போன் போடு," என்றாள் அவள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. நம்பரைப் போட்டு, மணி அடிக்க ஆரம்பித்ததும் அவளிடம் கொடுத்தான். வலது கையால் வாங்கி, காதோடு அழுத்திக்கொண்டாள். எதிர்க்கடைக்காரன் உருட்டலை மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தான். மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதா, ஞாயிற்றுக்கிழமை வந்து பக்கத்தில் நில்லுங்கள் என்பதா, எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் யாரு என்றார் அண்ணாச்சி. அவள் பேசவில்லை. போனுக்குள் இருநூறு கடையின் இரைச்சலும் போய்க்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அத்தனை பெரிய குரலை எங்கே அடக்கி வைத்தாரோ, ரொம்பத் தணிவாக, "அங்கயும் சுரம் வரலியாம்மா?" என்றார்.